கந்தல் ஒட்டுப் போர்வை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவ வீரர்களுக்குப் பெண்கள் போர்வை தைத்துக் கொடுப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த சிறு குறிப்பைப் படித்தேன். "வீட்டில் கிடக்கும் பழைய துணிகளை ஒட்டுப் போட்டு" என்று அதில் ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நான் 31 ஆண்டுகள் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்தவள். சென்ற ஆண்டு ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ் நகரில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது அப்படி ஒரு போர்வைக்குக் கரை தைத்தேன். கரை மட்டும்தான். அதற்கே ஏழு வாரம் பிடித்தது.

முதலில் துணி. எல்லாம் புதிய பருத்தி. மேலே வண்ணத் துண்டுகளை இணைத்த துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரே துணி. மூன்றையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்கும் தைத்தால் அதற்குப் பெயர் குயில்ட். நம் ஊர் ரஜாயின் உறவுக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். படைவீரர்களுக்கு இதைத் தருவது அங்கே பழைய வழக்கம். உள்நாட்டுப் போரின்போதே ஊர் ஊராகச் சேகரித்து அனுப்பியிருக்கிறார்கள். இப்போது நடப்பதைத் தொடங்கியவர் டெலவேர் மாநிலத்தைச் சேர்ந்த கேதரின் ராபர்ட்ஸ். மகன் ஈராக் போர்முனையில் இருந்த 2003ஆம் ஆண்டு, நள்ளிரவில் கட்டில் விளிம்பில் ஓர் இளைஞன் குனிந்து உட்கார்ந்திருப்பதாகக் கனவு கண்டாராம். அடுத்த காட்சியில் அவன் குயில்ட் போர்த்தித் தெளிந்திருந்தானாம். 'குயில்ட்ஸ் ஆஃப் வேலர்' என்ற அந்த அமைப்பின் வழியாக இதுவரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட போர்வைகள் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

மருமகள்தான் செவ்வாய்க்கிழமைதோறும் என்னை அந்தத் தையல் குழுவுக்குக் கூட்டிப்போய் விட்டாள். முதல் நாளே உளறினேன். போர்வையின் நடுவில் அவர்கள் தேசியக் கொடியை அப்படியே வைத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். எதிரில் இருந்த பெண்மணி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். கொடியைப் படுக்கை விரிப்பாகப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்களுடைய கொடி விதியிலேயே இருக்கிறதாம். சிவப்பு, வெள்ளை, நீலம் வரலாம், நட்சத்திரம் வரலாம், கொடியே வரக் கூடாது என்பது அந்தக் குழுவின் கண்டிப்பு. தலையணை உறையிலும் கைக்குட்டையிலும் மூவர்ணக் கொடியைத் தைக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்தவள் நான். வெட்கமாகப் போயிற்று.

கரைக்கு வருகிறேன். காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் சேரும் இடத்தில்தான் நெசவாளியின் கைத்திறன் தெரியும் என்பார்கள். இதுவும் அப்படித்தான். நடுப்பகுதி 12 அங்குலக் கட்டங்கள், நான்குக்கு ஐந்து. 48க்கு 60 வர வேண்டும். பலர் கை பட்டதில் 47½க்கு 59¾ வந்திருந்தது. சுற்றிலும் கரையாக வைக்க அவர்கள் தேர்ந்தெடுத்திருந்தது 'பறக்கும் வாத்துகள்' என்ற வடிவம். ஒரு பெரிய முக்கோணம், இருபுறமும் இரண்டு சிறிய முக்கோணங்கள், இது ஒரு வாத்து. வரிசையாக வைத்தால் வானத்தில் கொக்குக் கூட்டம் போவதுபோல் இருக்கும். ஒவ்வொரு வாத்தும் கரையின் நீளத்தில் சரியாக 3 அங்குலம் எடுத்துக்கொள்ளும். நடுப்பகுதி 3ஆல் வகுபடாவிட்டால் மூலைக்கு முக்கால் வாத்துதான் வந்து சேரும்.

அதற்கு ஓர் உபாயம் வைத்திருக்கிறார்கள். கரைக்கு முன் கருநீலத்தில் ஒல்லியாக ஒரு பட்டி. அதைச் சற்று அகலமாகவே வைத்துத் தைத்து, பிறகு தையலுக்குள் போவது நீங்கலாக 51க்கு 63 வரும்படி துல்லியமாக வெட்டிவிட்டால் உள்ளே இருக்கும் பிழையையெல்லாம் அந்தப் பட்டி விழுங்கிவிடும். அகலத்துக்கு 17, நீளத்துக்கு 21, நான்கு பக்கமும் 76 வாத்துகள். மூலைக்கு ஒரு நட்சத்திரம்.

என் முதல் வரிசையை அளந்தால் 51க்குப் பதில் 49. நம் தையலில் பின்னால் பிரித்துவிட வசதியாக அரை அங்குலம், ஓர் அங்குலம் என்று உள்ளே விடுவோம். அங்கே கால் அங்குலம். அதற்கு மேல் இல்லை. என் கை பழக்கதோஷத்தில் அரை நூல் கூட விட்டிருக்கிறது. எட்டு நூல் ஓர் அங்குலம். 17 வாத்துகளை இணைக்க 16 தையல். தையலுக்கு இருபுறமும் அரை அரை நூல். ஆக 16 நூல், இரண்டு அங்குலம்! ஜாக்கெட்டில் இதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அத்தனையையும் பிரித்தேன். முக்கோணத்தின் சாய்ந்த ஓரம் இழையோட்டத்துக்குச் சாய்வாக வெட்டிய க்ராஸ் துணி அல்லவா, பிரிக்கும்போது இழுபட்டு நீண்டுவிட்டது. ஏழெட்டு வாத்துகளை எறிந்துவிட்டுப் புதிதாக வெட்டினேன்.

இன்னொன்றும் அங்கேதான் கற்றேன். கரையை ஓரத்தோடு வைத்து ஓட்டி, மிஞ்சியதைக் கத்தரித்தால் போர்வை பொரித்த அப்பளம்போல் நெளியும். ஓரம் எப்போதும் கொஞ்சம் இழுபட்டிருக்கும். அதை அளந்து பயன் இல்லை. நடுவில், மூன்று இடங்களில் அளக்க வேண்டும். அந்த அளவுக்குக் கரையை முன்பே வெட்டி, பாதியிலும் கால்வாசியிலும் குண்டூசி குத்தி, துணியை அடக்கித் தைக்க வேண்டும். 31 ஆண்டுகளில் நான் யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்ததில்லை.

நவம்பரில் ஒரு சிறு கூடத்தில் அதை வழங்கினார்கள். வாங்கியவர் வியட்நாம் போருக்குப் போய் வந்த முதியவர். மேடை கிடையாது. பெயரைப் படித்து, இரண்டு பேர் பின்னால் நின்று தோளில் போர்த்தினார்கள். அவர் முன்பக்கத்தை அதிகம் பார்க்கவில்லை. திருப்பி, மூலையில் தைத்திருந்த வெள்ளைத் துண்டைக் கண்ணருகே பிடித்துப் படித்தார். அவருடைய பெயர், தைத்தவர்களின் பெயர், ஊர். காட்பாடி எங்கே இருக்கிறது என்று கேட்டார். பெரிய ரயில் சந்திப்பு என்றேன். வேறு எதுவும் அப்போது தோன்றவில்லை.

என் கணவர் மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் காலமானார். பாராட்டு விழாக்களில் அவருக்குப் போர்த்திய பொன்னாடைகள் டிரங்குப் பெட்டியில் 14 இருக்கின்றன. குளிருக்கும் ஆகாது, துடைக்கவும் ஆகாது. ஒன்றை மட்டும் கிரைண்டருக்கு உறையாகப் போட்டிருக்கிறேன். எதிலும் அவர் பெயர் இல்லை. பெயர் பொறித்துத் தந்த ஒரே கேடயத்தில் தலைப்பெழுத்து தவறு. திருப்பிக் கொடுத்தால் மரியாதையாக இருக்காது என்று அவரே அலமாரியில் பின்வரிசையில் வைத்தார்.

டிசம்பர் 7 கொடி நாள் வருகிறது. எங்கள் வேலூர்ப் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் போகாத கிராமம் குறைவு. விழா எடுப்பவர்கள் யாராவது தங்களைத் தொடர்பு கொண்டால் சொல்லுங்கள். பஞ்சு வைத்த குயில்ட் நம் வெயிலுக்கு வேண்டாம். நல்ல பருத்தியில் இரட்டைத் துணிப் போர்வை, வாத்துக் கரையோடு, ஐந்து பேருக்கு என்னால் தைக்க முடியும். பழைய மாணவிகள் இருவர் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெறுபவர்களின் பெயர்ப் பட்டியல் மட்டும் ஆகஸ்டுக்குள், தலைப்பெழுத்துப் பிழையில்லாமல் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
காட்பாடி