ஊசி குத்தறதுக்கு முன்னாடி விலையைச் சொல்லுங்க: எங்க ஊர் ஆஸ்பத்திரி பில்லிங் டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பில்லிங் டிபார்ட்மென்ட் அவர்களுக்கு,

வணக்கம். என் அக்கவுண்ட் நம்பரை இங்க போடல, போன் பண்ணும்போதெல்லாம் பிறந்த தேதியோட சேத்து ஒப்பிச்சிருக்கேன், உங்க ஃபைல்லயே இருக்கும். நீங்க அனுப்பின பில்லைப் பத்தி இங்கிலீஷ்ல எழுதின லெட்டருக்கு "பரிசீலிச்சோம், கோடிங் சரியாத்தான் இருக்கு"ன்னு, அதாவது எதுக்கு எந்தக் கோட் நம்பர் போட்டு காசு கேக்கணுமோ அது சரின்னு, ரெண்டு வரில பதில் வந்துச்சு. அதனால இதைத் தமிழ்ல எழுதறேன். உங்க கட்டடத்துல தமிழ் தெரிஞ்சவங்களுக்குப் பஞ்சமில்ல, யாராவது படிச்சுச் சொல்லுவாங்க. சொல்லாட்டியும் பரவால்ல, டாலஸைச் சுத்தியிருக்கற இர்விங், ஃப்ரிஸ்கோ, பிளேனோ பக்கத்துலேருந்து வந்து உங்க வெயிட்டிங் ரூம்ல உக்காந்திருக்கற நம்ம ஜனங்களாவது படிக்கட்டும்.

விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். வருஷாந்திர செக்கப்புக்கு வந்தேன். வீட்டுக்காரர் கம்பெனி இன்சூரன்ஸ், அந்த இன்சூரன்ஸோட ஒப்பந்தத்துல இருக்கற இன்-நெட்வொர்க் டாக்டர், 2010-ல வந்த சட்டப்படி இந்த மாதிரி ப்ரிவென்டிவ் விசிட்டுக்கு நாங்க கையிலேருந்து எதுவும் கட்ட வேண்டாம். டாக்டரம்மா தங்கமானவங்க, அவங்க மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது. பிரஷர் பாத்தாங்க, முதுகுல ஸ்டெத் வெச்சு மூச்சை இழுக்கச் சொன்னாங்க, கடைசில கம்ப்யூட்டர்லேருந்து கண்ணை எடுத்து "வேற ஏதாவது சொல்லணுமா?"ன்னு கேட்டாங்க. கேக்கறாங்களேன்னு நானும், "கொஞ்ச நாளா ரொம்ப அசதியா இருக்கு டாக்டர், முடி வேற கொத்துக் கொத்தா கொட்டுது"ன்னு சொன்னேன். நான் தைராய்டு மாத்திரை சாப்பிடறவ, பையன் வயித்துல இருக்கும்போது சுகர் வந்து போனது, போன வருஷம் ப்ரீ-டயபடிக், அதாவது சுகர் வர்ற விளிம்புல இருக்கேன்னு எழுதியாச்சு, எல்லாம் அவங்க ஸ்க்ரீன்லயே இருக்கு. "அப்ப கூட சில டெஸ்ட் பாத்துடலாம்"னாங்க. ஹால் கடைசில இருக்கற லேப் ரூமுக்குப் போனேன், ரப்பர் பட்டி கட்டி, நரம்பு கிடைக்காம முழங்கையைத் தட்டித் தட்டி, ட்யூப் ட்யூபா ரத்தம் எடுத்து, பஞ்சு வெச்சு ஒட்டி அனுப்பிட்டாங்க. அந்த ஹால்ல ஒருத்தர் கூட காசைப் பத்தி வாயைத் திறக்கல.

ஒரு மாசம் போல கழிச்சு பில் வந்துச்சு. 770 டாலர்.

முதல்ல வந்த காகிதத்துல "லேபரட்டரி சர்வீசஸ்", "ப்ரொஃபெஷனல் சர்வீசஸ்"னு ரெண்டே வரி. 2023 செப்டம்பர்லேருந்து டெக்சாஸ்ல ஆஸ்பத்திரி பில்லை ஐட்டம் ஐட்டமா, சாதாரண ஆளுக்குப் புரியற மாதிரி தரணும்னு சட்டமே இருக்குன்னு நான் சொன்னதுக்கு அப்புறம்தான் பிரிச்சு அனுப்புனீங்க. விட்டமின் டி 218. தைராய்டு பாக்கற டிஎஸ்ஹெச் 131. பி12 118. சுகர் பாக்கற ஏ1சி 94. ஊசி குத்தினதுக்கு 22. அப்புறம் 187 டாலருக்கு ஒரு "ஆபீஸ் விசிட்". இதெல்லாம் இன்சூரன்ஸ் டிஸ்கவுண்ட் போக மிச்சமாம், இன்சூரன்ஸ் கொடுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாங்களே கட்ட வேண்டிய டிடக்டிபிளை இன்னும் தாண்டலையாம், அதனால முழுசும் எங்க தலையில.

எந்த ஆபீஸ் விசிட்னு கேட்டேன். நான் வந்தது ஒரே தடவை, உக்காந்தது ஒரே ரூம், பாத்தது ஒரே டாக்டர். உங்க ஆள் ரொம்பப் பொறுமையா விளக்கினாங்க: செக்கப்புக்கு 99396-னு ஒரு கோட், அது ஃப்ரீ, நான் அசதி, முடி கொட்டறதுன்னு "புதுப் பிரச்சினை" சொன்னதால 99213-னு இன்னொரு கோட், ரெண்டும் ஒரே நாள்ல நடந்ததுன்னு காட்ட பக்கத்துல 25-னு ஒரு மாடிஃபையர். அதாவது கேள்வி கேட்டது டாக்டர், பதில் சொன்னது நான், பதிலுக்கு 187 டாலர். ஏ1சி கதை இன்னும் நல்லா இருக்கு. சுகர் இருக்கான்னு தெரியாதவங்களுக்குப் பாத்தா அது ஸ்க்ரீனிங், காசு இல்ல. ப்ரீ-டயபடிக்னு தெரிஞ்சு போச்சுன்னா அதே டெஸ்ட் மானிட்டரிங் ஆயிடும், காசு உண்டு. யாருக்கு அந்த டெஸ்ட் அவசியமோ அவங்ககிட்டதான் வசூல். விட்டமின் டி-க்கு, எதை ஸ்க்ரீன் பண்ணலாம்னு சிபாரிசு பண்ற அரசாங்க டாஸ்க் ஃபோர்ஸ் 2021-லயே, எல்லாருக்கும் ஸ்க்ரீன் பண்ண ஆதாரம் பத்தலைன்னு சொல்லிடுச்சு, அதனால அது ஃப்ரீ லிஸ்ட்ல இல்ல, சரி, ஒத்துக்கறேன். ஆனா அதை எனக்கு எப்ப சொல்லணும்? ரத்தம் எடுத்தப்புறமா, எடுக்கறதுக்கு முன்னாடியா?

நான் கேக்கறது இது ஒண்ணுதான். ஊசி குத்தறதுக்கு முன்னாடி விலையைச் சொல்லுங்க.

காசு போனது கூட இருக்கட்டும், அதுக்கப்புறம் நடந்ததைச் சொல்றேன். ரிசல்ட்ல டிஎஸ்ஹெச் ஏறியிருந்துச்சு, மாத்திரை டோஸ் மாத்தறதுக்கு திரும்ப வரச் சொன்னாங்க. வந்தேன். அதுக்குக் கொஞ்சம் முன்னாடியிலேருந்தே எனக்கு ராத்திரில வலது கை மரத்துப் போகுது, தூக்கத்துல எழுந்து உக்காந்து கையை உதறிக்கிட்டு இருப்பேன், காலையில தோசைக் கரண்டி பிடிக்கறப்ப கட்டை விரல் என் பேச்சைக் கேக்காது. டாக்டரம்மா வழக்கம் போல சிரிச்ச முகமா "வேற ஏதாவது?"ன்னு கேட்டாங்க. வாய் வரைக்கும் வந்துச்சு. இதைச் சொன்னா 99213 அதைவிடக் காசு கூடின 99214 கோட் ஆயிடும், இல்ல வேற ஒரு டெஸ்ட் வரும், அது எவ்வளவுன்னு இவங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. கையை ஹேண்ட்பேக்குக்கு அடியில வெச்சுக்கிட்டு "நத்திங் டாக்டர், ஆல் குட்"னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன். கார்ல வீட்டுக்காரர் கேட்டார், கை மரத்துப் போறதைச் சொன்னியான்னு. இல்லைன்னேன். ஏன்னு அவர் கேக்கல.

தைராய்டு சரியில்லாதவங்களுக்குக் கை மரத்துப் போறது வழக்கமா பாக்கறதுதான், நான் சொல்லியிருந்தா டாக்டருக்கு ரெண்டு நிமிஷத்துல புரிஞ்சிருக்கும். புரிய வேண்டியவங்ககிட்ட சொல்ல முடியாம வந்தேன் பாருங்க, அதுக்கு உங்ககிட்ட என்ன கோட் இருக்கு?

உங்க பதில் எனக்கு மனப்பாடம். "இன்சூரன்ஸ் ப்ராசஸ் பண்ற வரைக்கும் எங்களுக்கே விலை தெரியாது மேடம்." மன்னிக்கணும், இதை என்னால நம்ப முடியல. எந்த இன்சூரன்ஸுக்கு எந்த டெஸ்ட் என்ன ரேட்னு நீங்க கையெழுத்துப் போட்ட காண்ட்ராக்ட் உங்க பீரோவுல இருக்கு. 2021 ஜனவரிலேருந்து அந்த ரேட்டை எல்லாம் வெப்சைட்ல போடணும்னு ஃபெடரல் ரூல் இருக்கு, நீங்களும் போட்டிருக்கீங்க. வீட்டுக்காரர் டவுன்லோட் பண்ணினார், ஃபைலைத் திறந்ததும் லேப்டாப் ஃபேன் கத்த ஆரம்பிச்சு அப்படியே உறைஞ்சு போச்சு. ஐடி-ல வேலை பாக்கற ஆளு, அதுக்குன்னு தனியா ஒரு ப்ரோக்ராம் எழுதித் தேடி, 84443-ங்கற டிஎஸ்ஹெச் கோட் வரில எங்க ப்ளான் பேருக்கு நேரா 131-னு இருக்கறதைக் கண்டுபிடிச்சார். ஆக விலை முன்னாடியே தெரியும். எனக்குச் சொல்லலை, அவ்வளவுதான்.

இதுல இன்னொண்ணும் இருக்கு. இன்சூரன்ஸ் இல்லாதவங்க அப்பாயின்ட்மென்ட் போட்டா முன்கூட்டியே எஸ்டிமேட் தரணும்னு 2022 ஜனவரிலேருந்து சட்டம், பில் அதுக்கு மேல 400 டாலர் எகிறினா அவங்க சண்டை போடலாம். இன்சூரன்ஸ் இருக்கறவங்களுக்கும் முன்கூட்டி கணக்கு அனுப்பணும்னு அதே சட்டத்துல எழுதியிருக்கு, ஆனா அந்தப் பகுதியை இன்னும் நடைமுறைக்குக் கொண்டு வரல. சம்பளத்துல மாசா மாசம் பிரீமியம் பிடிச்சுக் கட்டறவளுக்கு விலை தெரியக் கூடாது, கட்டாதவங்களுக்குத் தெரியலாம். யோசிச்ச மகராசன் நல்லா இருக்கட்டும்.

வயசானவங்களுக்கான அரசாங்க இன்சூரன்ஸ் மெடிகேர் இதே டெஸ்டுங்களுக்கு லேப்களுக்கு என்ன கொடுக்குதுன்னும் பாத்தேன், அது ஒளிவு மறைவு இல்லாம போட்டிருக்காங்க. விட்டமின் டி 29.60, டிஎஸ்ஹெச் 16.80, பி12 15.08, ஏ1சி 9.71. நாலும் சேத்து 71 டாலர் 19 சென்ட். என்கிட்ட அந்த நாலுக்கு 561. மெடிகேர் ரேட் கட்டுப்படியாகலன்னு நீங்க சொல்லுவீங்க, இருக்கலாம், ஆனா கிட்டத்தட்ட எட்டு மடங்கா? ரோட்டுக்கு அந்தப் பக்கம் தனி லேப் ஒண்ணு இருக்கு, எங்க ப்ளான் அங்கயும் செல்லும், அங்க போயிருந்தா இதுல ஒரு பங்குதான் ஆகியிருக்கும். டாக்டர் எழுதின டெஸ்ட் சீட்டை எந்த லேபுக்கு வேணா எடுத்துட்டுப் போகலாம்னே எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. நீங்க கையைக் காட்டினது ஹால் கடைசியை. முடி வெட்டற கடையில கூட சுவத்துல ரேட் எழுதி ஒட்டியிருக்கான், உங்க லேப் ரூம் சுவத்துல சூரியகாந்திப் படம்தான் இருக்கு.

கோவம் வருதுங்க. கேளுங்க, பில் வந்த அதே வாரம் உங்ககிட்டேருந்தே இன்னொரு கவர் வந்துச்சு, நல்ல கெட்டிக் காகிதம், உள்ளே நன்கொடை கேட்டு லெட்டர். நீங்க லாப நோக்கம் இல்லாத நிறுவனமாம், என் "தாராள உள்ளம்" பல உயிர்களைத் தொடுமாம், 50, 100, 250-னு கட்டம் போட்டு டிக் பண்ணச் சொல்லியிருந்தீங்க. பாருங்க, நன்கொடைக்கு மட்டும் எவ்வளவு தெளிவா முன்னாடியே ரேட் போடறீங்க! அப்புறம் போன்ல ஒரு சர்வே, எங்க சேவைக்கு எத்தனை ஸ்டார்னு. லாபில ஆளே வாசிக்காம தானா வாசிக்கற பியானோ வெச்சிருக்கீங்களே, அதோட மின்சாரம் எந்தக் கோட்ல வருதுன்னு அந்த சர்வேல கேக்கணும்னு நினைச்சேன், கட்டம் இல்ல.

இதைக் கேட்டா எங்க வாட்ஸப் க்ரூப்ல எல்லாரும் சொல்றது ஒரே பதில்: "ஊருக்குப் போறப்ப பாத்துக்கலாம்." ஆளாளுக்கு இந்தியா டிக்கெட்ல முதல் வாரம் கோயில், ரெண்டாவது வாரம் ரத்த டெஸ்ட், பல் டாக்டர், கண்ணாடி. திருச்சி தில்லைநகர்ல லேப்காரர் காலங்காத்தால பைக்ல வீட்டுக்கே வந்து, ரேட்டைச் சொல்லிட்டு, அம்மா கொடுத்த காபியையும் குடிச்சுட்டு ரத்தம் எடுத்துட்டுப் போறார், சாயந்திரம் போன்ல ரிப்போர்ட். அங்கயும் எல்லாம் யோக்கியம்னு சொல்லல, தனியார் ஆஸ்பத்திரில தேவையில்லாத டெஸ்ட் எழுதித் தள்ளறதும் நடக்குது, ஆனா எவ்வளவுன்னு கேட்டா கவுன்டர்ல பதில் வரும். எங்க பெரியம்மாவுக்கு கிராமத்துல சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது, 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம். நான் உலகத்துலயே பணக்கார நாட்டுல உக்காந்துக்கிட்டு சுகர் ஏறுதா இறங்குதான்னு பாக்க அடுத்த விமான டிக்கெட்டுக்குக் காத்திருக்கணும். எங்க ஆளுங்களுக்கு ஒல்லியா இருந்தாலும் சுகர் வரும்னு உங்க டாக்டர்களுக்கே தெரியும், ஆசியக்காரங்களுக்கு உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு காட்டற பிஎம்ஐ 23-லேருந்தே பாக்கணும்னு உங்க நாட்டு டயபடிஸ் சங்கமே சொல்லுது. பாக்கச் சொல்றீங்க, பாத்தா இப்படித் தீட்டறீங்க.

சரி, எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க. நான் தகராறுக்கு வரல.

பில்லைக் கட்டிடுவோம், அதுல சந்தேகம் வேண்டாம். 500 டாலருக்குக் கீழ இருந்தா கிரெடிட் ரிப்போர்ட்ல ஏறாது, இது 770, அடுத்த வருஷம் வீடு வாங்கலாம்னு இருக்கோம், உங்களோட மல்லுக்கு நிக்கற தெம்பு எங்களுக்கு இல்ல. தவணையில கட்ட ஒத்துக்கிட்டதுக்கு நன்றி. ஆனா அந்த 187-ஐ மட்டும் திரும்பப் பாருங்கன்னு கேட்டிருக்கேன், "கோடிங் சரி"ங்கறது எனக்குப் பதில் இல்ல, கோடிங் தப்புன்னு நான் சொல்லவே இல்ல. செக்கப் நடுவுல நான் பேசறது எந்த இடத்துலேருந்து காசாகுதுன்னு டாக்டரோ நர்ஸோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பேசறதா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணியிருப்பேன். அந்த முடிவு என்னோடது இல்லையா?

இப்ப டோஸ் மாத்தினதால டிஎஸ்ஹெச் திரும்பப் பாக்கணும்னு உங்க போர்ட்டல்ல சிவப்புல நினைவூட்டல் வந்துக்கிட்டே இருக்கு. வர்றேன், வராம இருக்கப் போறதில்ல, இந்தத் தடவை கையைப் பத்தியும் சொல்லணும்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு அதே போர்ட்டல்ல மூணு வரி எழுதிப் போடுங்க: டெஸ்ட்டுக்கு எங்க ப்ளான்ல எவ்வளவு, டாக்டரைப் பாத்தா எவ்வளவு, சீட்டை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற லேபுக்கு அனுப்பிடலாமா. பதில் வந்ததும் அப்பாயின்ட்மென்ட் போடறேன்.

இப்படிக்கு,
டாலஸ் பக்கத்துலேருந்து உங்க பேஷண்ட் ஒருத்தி