பெட்டியோடு போன பெண்ணையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நெதர்லாந்தின் லூவஸ்டைன் கோட்டை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். வால் ஆறும் மாஸ் ஆறும் சேரும் இடத்தில் 14ஆம் நூற்றாண்டில் டிர்க் லூஃப் வான் ஹோர்ன் அதைக் கட்டியது, 1570இல் கிளர்ச்சிக்காரர்கள் துறவி வேடத்தில் நுழைந்து பிடித்தது எல்லாம் நன்றாக வந்திருந்தன. ஆனால் 1621 மார்ச் 22ஆம் தேதி சட்ட அறிஞர் ஹுகோ குரோட்டியஸ் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பியதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதுதான் எனக்கு மனக்குறை.

யோசனை அவர் மனைவி மரியாவுடையது. 1619இல் ஆயுள் தண்டனை பெற்ற கணவரோடு அந்தக் கோட்டைக்கே வந்து குடியிருந்தவர் அவர். புத்தகங்கள் பெட்டியில் வருவதும், வாசித்தவை திரும்பிப் போவதுமாக இருந்தன. காவலர்கள் நாளடைவில் பெட்டியைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். மரியா அதைக் கவனித்தார். கணவரைப் பெட்டிக்குள் மடங்கிப் படுத்துப் பழக வைத்தார். அந்த நாள் வந்ததும், கணவர் உள்ளே இருப்பது போலவே காட்டிக்கொண்டு தான் மட்டும் கோட்டையில் தங்கினார்.

பெட்டியோடு படகேறியவர் எல்ஸ்யெ என்ற இளம் பணிப்பெண். தூக்கிய வீரர்கள் கனம் தாங்காமல் முணுமுணுத்தார்கள். கோரின்கெம் ஊரில் நண்பர் வீட்டில் பெட்டி இறங்கும்வரை அந்தப் பெண்ணின் முகத்தில் சின்னப் பதற்றம் தெரிந்திருந்தாலும் எல்லாமே கெட்டிருக்கும். அப்புறம்தான் குரோட்டியஸ் கொத்தனார் வேடத்தில் ஆண்ட்வெர்ப் போய்ச் சேர்ந்தார். அந்தப் பெட்டி எங்களிடம்தான் இருக்கிறது என்று ஆம்ஸ்டர்டாமில் ஓர் அருங்காட்சியகமும் டெல்ஃப்டில் இன்னொன்றும் சொல்கின்றன. பெட்டிக்கே இவ்வளவு மதிப்பு என்றால், அதோடு போனவரின் பெயரை நாம் விடலாமா?

இன்னொன்றும் விடுபட்டுப் போயிற்று. ஒல்லாந்துச் சட்டவியலுக்கு ஓர் அறிமுகமாகத் தன் நூலைக் குரோட்டியஸ் எழுதியது அந்தச் சிறைக்குள்தான். லத்தீனில் அல்ல, ஊர் மக்கள் பேசும் டச்சு மொழியில். 1631இல் அச்சானது. இலங்கையில் டச்சுக்காரர் ஆட்சிக்காலத்தில் வந்த ரோமன் டச்சுச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருப்பதால், இங்கே சட்டம் படிக்கிறவர்கள் அவரைத் தாண்டிப் போக முடியாது. நான் படித்த காலத்தில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை நூலகத்தில் எடுத்து, சொத்துரிமைப் பகுதியைக் கொப்பியில் கையால் எழுதிவைத்தேன். முன்பு படித்தவர்களின் பென்சில் குறிப்புகள் ஓரமெல்லாம் இருந்தன. அது சிறையில் பிறந்த புத்தகம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

அடுத்த இதழில் ஒரு பத்தியாவது சேர்த்துப் போடுங்கள், மரியா, எல்ஸ்யெ இருவரின் பெயரோடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சட்டத்தரணி ஒருவர்,
யாழ்ப்பாணம்.