கையெழுத்துப் போடும் முன்

பெரம்பூர், சென்னை
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை போனில் நீ கேட்டதற்கு "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். வக்கீலாக இருந்த அம்மாவிடம் மகள் வந்து, "என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை) வழக்குகளுக்கு அரசு வழக்கறிஞராக வரச் சொல்கிறார்கள், போகட்டுமா?" என்று கேட்டால் அம்மா துள்ளிக் குதிக்க வேண்டாமா? சந்தோஷம்தான் பாப்பா. ஆனால் கூடவே தொண்டையில் ஏதோ அடைத்தது. அது என்ன என்று இரண்டு நாளாக யோசித்துக் கண்டுபிடித்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போனில் இதையெல்லாம் சொல்ல வராது.

உன் தகுதி பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. 2008இல் வந்த என்.ஐ.ஏ. சட்டம் அரசு வழக்கறிஞருக்குக் கேட்பது 7 வருடத் தொழில் அனுபவம். உனக்கு 9 வருடம் ஆகிவிட்டது. குறுக்கு விசாரணை நன்றாகச் செய்கிறாய் என்று உன் சீனியரே என்னிடம் சொன்னார். என் கவலை வேறு.

சாதாரணக் கிரிமினல் வழக்கில் நீ கொஞ்சம் அசந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் விடமாட்டார், நீதிபதியும் கேள்வி கேட்பார். உபா, அதாவது சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்ட வழக்கில் அந்தத் தடுப்புகள் பல இருக்காது. ஜாமீன் பிரிவு 43டி உட்பிரிவு 5 உனக்குத் தலைகீழ்ப் பாடம். குற்றச்சாட்டு முதல் பார்வைக்கு உண்மை என்று தோன்றினாலே ஜாமீன் கிடையாது. 2019இல் வத்தாலி வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தக் கட்டத்தில் சாட்சியங்களை நிறுத்துப் பார்க்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. அதாவது நீ வழக்குக் கட்டுக்குள் என்ன வைக்கிறாயோ அதை அப்படியே எடுத்துக்கொண்டுதான் நீதிபதி பார்ப்பார். சாட்சியின் பெயரை மறைக்கலாம், வாக்குமூலத்தில் சில பகுதிகளை மறைக்கலாம். எதிரே நிற்கிற வக்கீலுக்குத் தெரியாதது உனக்கு மட்டும் தெரியும். உள்ளே இருப்பவனுக்கு ஒரு வருடமா ஐந்து வருடமா என்பது பெரும்பாலும் அந்தக் கட்டுக்குள் நீ எதை வைத்தாய், எதை விட்டாய் என்பதைப் பொறுத்தது. 2021இல் தீர்ப்பான நஜீப் வழக்கை எடுத்துப் பார். ஐந்து வருடத்துக்கு மேல் சிறையில் இருந்த பிறகும் இன்னும் 276 சாட்சிகளை விசாரிக்க வேண்டியிருந்தது. விசாரணை இப்படி இழுத்துக்கொண்டே போனால் அரசியல் சாசன நீதிமன்றங்கள் ஜாமீன் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் அதில்தான் சொன்னது. ஐந்து வருடம் போன பிறகு.

ஒருவன் காவலுக்குப் போன 90ஆம் நாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்குள் புலனாய்வு முடியவில்லை என்றால் காவலை 180 நாள் வரை நீட்டிக்கலாம். அதற்கு வேண்டியது அரசு வழக்கறிஞரின் அறிக்கை. கேட்டுக்கொள், புலனாய்வு அதிகாரியின் அறிக்கை என்று சட்டத்தில் இல்லை. புலனாய்வு எதுவரை வந்திருக்கிறது, இன்னும் காவல் எதற்குத் தேவை என்று நீ படித்து, நீ நம்பி, நீ எழுத வேண்டியது அது. பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடா காலத்தில் இதே மாதிரிப் பிரிவைப் பற்றி 1994இல் ஹிதேந்திர விஷ்ணு தாக்கூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பேசியது. அரசு வழக்கறிஞர் புலனாய்வு அமைப்பின் அங்கம் கிடையாது, வந்ததை வாங்கி அனுப்பி வைக்கிற தபாலாபீஸும் கிடையாது என்று தெளிவாகவே சொன்னது. ஆனால் நடைமுறை எப்படி? 88ஆம் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு இன்ஸ்பெக்டர் டைப் செய்த காகிதத்தோடு வருவார். "மேடம், ஒரு கையெழுத்து மட்டும்." மரியாதையாகத்தான் கேட்பார். பாவம், அவரும் மூன்று நாளாகத் தூங்கியிருக்க மாட்டார். அந்த நேரத்தில் "கேஸ் டைரியை வைத்துவிட்டுப் போங்கள், படித்துவிட்டுத்தான் போடுவேன்" என்று சொல்ல உனக்கு வாய் வர வேண்டும்.

எனக்கு ஒரு முறை வரவில்லை. இதுவரை உன்னிடம் சொன்னதில்லை, உன் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் ஹைகோர்ட்டில் ஏ.பி.பி.யாக (கூடுதல் அரசு வழக்கறிஞராக) இருந்த ஐந்து வருடத்தில் பெரும்பாலும் ஆட்கொணர்வு மனுக்கள்தான் பார்த்தேன். குண்டர் சட்டம், இடையிடையே என்.எஸ்.ஏ. என்கிற தேசியப் பாதுகாப்புச் சட்டம். அந்த வேலை எப்படி என்று உனக்குத் தெரியும். மனுதாரர் வக்கீல், காவலுக்கான காரணங்களும் ஆவணங்களும் அடங்கிய புக்லெட்டைப் புரட்டி, இந்தப் பக்கம் படிக்கவே முடியவில்லை, இதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பு தரவில்லை, கொடுத்த மனுவுக்கு இத்தனை நாள் பதில் இல்லை என்பார். அப்படித்தான் தடுப்புக் காவல் உத்தரவுகள் ரத்தாகும். வெளியே இருந்து பார்ப்பவர்கள் "இதெல்லாம் ஒரு காரணமா?" என்பார்கள். காரணம்தான். குற்றச்சாட்டும் இல்லாமல் விசாரணையும் இல்லாமல் ஒருவனை 12 மாதம் உள்ளே வைக்கிறோம். காவல் சரியா என்று பரிசீலிக்கிற அறிவுரைக் கழகத்தின் முன்னால் வக்கீல் வைத்துக்கொள்ளக்கூட அவனுக்கு உரிமை கிடையாது. அவன் கையில் இருப்பது நாம் கொடுத்த அந்த புக்லெட்டும், அவன் எழுதிப் போடுகிற ஒரு மனுவும்தான்.

அப்படி ஒரு என்.எஸ்.ஏ. வழக்கு. தெற்கு மாவட்டத்துப் பையன், 24 வயது. அவன் அரசுக்கு எழுதிய மனு நாற்பது நாளுக்கு மேல் யாரும் தொடாமல் கிடந்திருந்ததைக் கோப்பில் பார்த்தேன். தேதிகள் பளிச்சென்று இருந்தன, விளக்கம் எதுவும் இல்லை. சொன்னால் அன்றே உத்தரவு ரத்தாகியிருக்கும். துறையிலிருந்து, "கொஞ்சம் டைம் வாங்குங்க மேடம், சென்சிடிவ் மேட்டர்" என்றார்கள். வாங்கினேன். பதில் மனு போட ஒரு வாய்தா, கூடுதல் ஆவணத்துக்கு ஒரு வாய்தா, அப்புறம் எனக்கு வேறு கோர்ட்டில் வழக்கு என்று ஒரு வாய்தா. அவனுடைய அம்மா ஒவ்வொரு முறையும் ராத்திரி ரயிலில் வந்து எழும்பூரில் இறங்கி, மஞ்சப்பையோடு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பார். யார் எந்தத் தரப்பு வக்கீல் என்று தெரியாமல் என்னைப் பார்த்தே கும்பிடுவார். கடைசியில் 12 மாதம் முடிந்து பையன் தானாகவே வெளியே வந்துவிட்டான். ஆட்கொணர்வு மனு பயனற்றுப் போனது என்று ஒரே வரியில் முடித்துவைத்தார்கள். அவன் நல்லவனா கெட்டவனா, எனக்கு இன்றுவரை தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு நீதிபதிக்கும் நான் வாய்ப்புக் கொடுக்கவில்லை.

அன்றைக்கு அந்த அம்மா என்னிடம் வந்து, "முடிஞ்சிருச்சாங்களாம்மா?" என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த வழக்காக இருந்தாலும் தேதிகளை நானே ஒரு தாளில் எழுதி, என் தரப்புக்குப் பாதகமான தேதியை முதலில் போட்டு, பெஞ்சிடம் கொடுத்துவிடுவேன். சில அதிகாரிகளுக்குக் கோபம். வழக்குகள் கொஞ்சம் கைவிட்டும் போயின. ஆனால் ஒன்று நடந்தது. மற்ற வழக்கில் நான் எழுந்து, "இந்த ஆளை வெளியே விட்டால் ஆபத்து" என்று சொன்னபோது நீதிபதிகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

இது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1950இல் ஏ.கே.கோபாலன் வழக்கு நம் சென்னை மாகாண அரசுக்கு எதிராகத்தான் போனது. தடுப்புக் காவல் சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பைத் திட்டாத சட்ட மாணவன் கிடையாது. ஆனால் அதே தீர்ப்பில் 14ஆம் பிரிவை அடித்துவிட்டார்கள். கைதுக்கான காரணத்தைக் கோர்ட்டிலும் சொல்லக் கூடாது என்றது அந்தப் பிரிவு. அரசின் பக்கம் அவ்வளவு சாய்ந்த நாளில்கூட, காரணத்தை எங்களுக்கே காட்டமாட்டாயா என்று நீதிபதிகள் கேட்டார்கள். 2023இல் மீடியா ஒன் தொலைக்காட்சி வழக்கில் அரசு நீதிபதியிடம் மட்டும் நீட்டுகிற சீலிட்ட உறையைப் பற்றி வந்த தீர்ப்பும் அதே கேள்விதான். தேசப் பாதுகாப்பு என்பதை வெறும் காற்றிலிருந்து எடுத்து வைக்க முடியாது என்றது.

சின்ன வயதில் உன்னை ஹைகோர்ட்டுக்குக் கூட்டிப்போய் கிழக்குச் சுற்றுச்சுவரில் எம்டன் கல்வெட்டைக் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் குண்டு போட்ட இடம். "குண்டு போட்டவங்களைப் பிடிச்சாங்களாம்மா?" என்று கேட்டாய். நாட்டின் பாதுகாப்பு என்றால் எனக்கு அந்தச் சுவர்தான் மனதில் வரும். லோகியா வழக்கில் நீதிபதி ஹிதாயத்துல்லா மூன்று வட்டம் போட்டுக் காட்டினார், 1965இல். பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, அதற்கும் உள்ளே எல்லாவற்றையும்விடச் சின்னதாக நாட்டின் பாதுகாப்பு. நாம் தட்டு, கிண்ணம், டம்ளர் வைத்துப் பென்சிலால் வரைவோமே, அந்த மாதிரி. உன் மேஜைக்கு வருகிற பல கட்டுகள் தட்டிலிருந்து வந்திருக்கும், மேலே டம்ளர் என்று எழுதியிருப்பார்கள். அதைப் பிரித்துச் சொல்ல வேண்டியது நீ.

இதையெல்லாம் படித்துவிட்டு, அம்மா எதிர்த்தரப்புக்குத்தான் பேசுகிறாள் என்று நினைக்காதே. 1991 மே 21 ராத்திரி ஸ்ரீபெரும்புதூரில் பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர்களும் செத்தார்கள். 1998 பிப்ரவரி 14 கோயம்புத்தூரில் 58 உயிர் போனது. அந்த வீடுகளுக்கும் வக்கீல் நீதான். அவசரத்தில் தைத்த வழக்கு மேல்முறையீட்டில் பிரிந்துபோனால் அந்த வீடுகளுக்கு என்ன பதில் சொல்வாய்?

ராஜீவ் காந்தி கொலை வழக்கையே எடுத்துக்கொள். பூந்தமல்லி தடா கோர்ட்டில் மூடிய அறையில் விசாரணை. 1998 ஜனவரி 28, 26 பேருக்கும் தூக்கு. நான் அன்று தம்புச்செட்டித் தெருவில் சீனியர் ஆபீஸில் இருந்தேன், யாரும் பேசவில்லை. அடுத்த வருடம் மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது, தடா குற்றச்சாட்டே நிற்காது என்றது. 4 பேருக்கு மட்டும் தூக்கு உறுதியானது. அந்த நால்வரில் ஒருவர் பேரறிவாளன். அவருடைய வாக்குமூலத்தை எழுதிய சி.பி.ஐ. அதிகாரி, ஓய்வு பெற்று ரொம்ப வருடம் கழித்து 2013இல், வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கு என்று தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். ஒரே ஒரு வரி. அது இருந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. 19 வயதில் உள்ளே போனவர் 2022இல்தான் விடுதலையானார். அந்த ஒரு வரியைத்தான் நான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் வருகிற காகிதத்திலும் அப்படி ஒரு வரி விடுபட்டிருக்கலாம். அதிகாரியிடம் "அவன் வேறென்ன சொன்னான்?" என்று கேட்கக்கூடிய ஒரே ஆள் நீயாகத்தான் இருப்பாய்.

சரி, நேராகச் சொல்கிறேன். போ. உன்னைப் போல் ஒருத்தி அந்த நாற்காலியில் இருக்க வேண்டும். ஆனால் ஒப்புக்கொள்ளும் முன் அவர்களிடம் இரண்டு கேள்வி கேள். முழுக் கோப்பையும் கேஸ் டைரியையும் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன், சரியா? நீட்டிப்பு அறிக்கை கொடுக்க முடியாது என்று எனக்குத் தோன்றினால் கொடுக்கமாட்டேன், சரியா? பதிலைவிட அவர்கள் முகத்தைப் பார். இழுத்தால் வந்துவிடு, நீ நடத்துகிற ஜாமீன் வழக்குகளே போதும்.

மற்றதெல்லாம் சமாளித்துவிடலாம். பீஸ் பில் லேசில் வராது, சேமிப்பு வைத்துக்கொள். வழக்கைப் பற்றி மாப்பிள்ளையிடம்கூடப் பேச முடியாத நாட்கள் வரும், அதை இப்போதே அவரிடம் சொல்லிவை. குழந்தையின் பள்ளிக்கூடப் படத்தையெல்லாம் போனில் எல்லாருக்கும் அனுப்பாதே.

அந்த வருடத்து டைரி பீரோவில்தான் இருக்கிறது. வாய்தா தேதி மூன்றும் என் கையெழுத்தில் இருக்கின்றன. தீபாவளிக்கு வரும்போது எடுத்துக் காட்டுகிறேன். கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா