வீட்டுக்குள் குடை: பழைய வீடுகளைப் பாதுகாக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். வீட்டு நடைக்கு மேல் ஒரு சிறு கண்ணாடிக் கூரை போட அனுமதி கேட்டு நாங்கள் அனுப்பிய மூன்றாவது வரைபடமும் திரும்பி வந்துவிட்டது. நடுமுற்றம் திறந்தே இருக்க வேண்டும் என்ற அதே ஒரு வரி. கோப்பு உங்களிடமே இருப்பதால் பழைய கதையை மறுபடி எழுதவில்லை. கேட்பது ஒன்றுதான்: மழை பெய்யும் ஒரு நாளில் உங்களில் ஒருவர் நேரில் வந்து பாருங்கள்.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்தில், தேக்காவில் உள்ள எங்கள் கடைவீடு (கீழே கடை, மேலே வீடு என்று கட்டிய பழைய வகை) குறுகலானது, நீளமானது. இருபுறமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர். வெளிச்சமும் காற்றும் நடுமுற்றம் வழியாகத்தான் வர வேண்டும். அதனால் அதை மூட எங்களுக்கே மனமில்லை. ஆனால் முன்னறையிலிருந்து குளியலறைக்குப் போக முற்றத்தை ஒட்டிய நடைதான் ஒரே வழி. அம்மாவுக்கு 82 வயது. செங்குத்தான மரப்படியில் ஏற முடியாததால் முன்னறையில் படுக்கிறார். இரவில் மழை வந்தால், வீட்டுக்குள்ளேயே குடை பிடித்து அவரைக் குளியலறைக்குக் கூட்டிப் போகிறோம். போன மாதம் அந்த ஈரத்தில் வழுக்கி விழுந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. அதன்பிறகு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். "ராத்திரியில உங்கள எழுப்ப வேணாம்ப்பா" என்கிறார்.

நாங்கள் கேட்டது நடைக்கு மேல் மட்டும் மூன்றடி அகலத்தில் ஒரு கண்ணாடிக் கூரை. பழைய சுவரில் ஒரு துளைகூடப் போடாமல் தனிக் கால்களில் நிற்கும், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம்.

விதிகளோடு எங்களுக்குச் சண்டையில்லை. 1989இல் லிட்டில் இந்தியாவைப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவித்ததால்தான் இந்த வீட்டு வரிசை இன்னும் நிற்கிறது என்று நம்புகிறவன் நான். முகப்பைச் சீரமைத்தபோது நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்தோம். பழைய செங்கல்லின் ஈரம் வெளியேற வேண்டுமே என்று சிமெண்டை விட்டுச் சுண்ணாம்பு பூசினோம். சன்னல்களில் உளுத்த பலகைகளை மட்டும் மாற்றினோம். செலவு கூடியது, அதில் வருத்தமில்லை. முடிந்தவரை அப்படியே வைத்திருப்பது, நுணுக்கமாக மீட்டெடுப்பது, கவனமாகப் பழுதுபார்ப்பது என்ற உங்கள் மூன்று பாதுகாப்புக் கொள்கைகளில் எதை அந்தக் கண்ணாடி மீறுகிறது? உங்கள் கடிதம் ஒன்றுகூட அதைச் சொல்லவில்லை.

எங்கள் வரிசையில் குடும்பங்கள் இருப்பது இப்போது இரண்டே வீடுகளில். மற்றவை அலுவலகம், உணவகம், தங்கும் விடுதி. வீடுகளின் முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் ஐந்தடிப் பாதையில் காலையில் கோலம் விழுவது அந்த இரண்டு வாசல்களில்தான். நாங்களும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடு ஒன்றைப் பார்த்துக்கொண்டு கிளம்பிவிட்டால், சுவரையும் கூரை ஓடுகளையும் யாருக்காகக் காப்பாற்றப் போகிறீர்கள்?

காட்டமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வரைபடம் கேட்டாலும் தருகிறோம். அதற்கு முன் ஒருமுறை நேரில் வந்து பாருங்கள், அரை மணி நேரம் போதும். டிசம்பர் மழைக்கு முன்பே வந்தால் பெரிய உதவியாக இருக்கும். தேதியை மட்டும் தயவுசெய்து தெரிவியுங்கள். அம்மா எப்போதும் வீட்டில்தான் இருக்கிறார்.

பணிவுடன்,
தேக்கா குடியிருப்பாளர்