பழைய வேட்டி ஒன்று தேடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஆடுதுறையில் 44 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். காலையில் கடை திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றியதும் உங்கள் நாளிதழைத்தான் பிரிப்பேன். போன வாரம் முதல் பக்கம் முழுக்க ஆடித் தள்ளுபடி விளம்பரம். அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மனதில் இரண்டு மாதமாகக் கிடக்கும் ஒரு விஷயத்தை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

வைகாசியில் என் மகளுக்குக் கும்பகோணத்தில் பிரசவம் ஆனது. பெண் குழந்தை. விடியற்காலையில் சம்பந்தியம்மா போன் செய்து, "சம்பந்தி, பிள்ளைக்குச் சுத்த நல்லா நைஞ்ச வேட்டியா பார்த்து நாலு எடுத்துட்டு வாங்க" என்றார். நம் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்கு முதலில் பழைய துணிதான். புதுத் துணி உறுத்தும் என்பார்கள். இதில் என்ன சிரமம் என்று நினைத்து பீரோவைத் திறந்தேன்.

முக்கால் மணி நேரம் தேடினேன். என் வேட்டிகள் எல்லாம் பாலியஸ்டர் கலந்தவை, மொடமொடவென்று நிற்கும். மனைவியின் சேலைகளில் கை வைத்தால் வழுக்குகிறது, இல்லையென்றால் ஜரிகை குத்துகிறது. இரண்டு பீரோ, ஒரு டிரங்குப் பெட்டி, பரண் மேல் மூன்று மூட்டை. அவ்வளவு துணி இருக்கிற வீட்டில், தையல்காரன் வீட்டில், ஒரு பச்சைப் பிள்ளையைச் சுற்ற ஒரு முழம் பழைய பருத்தித் துணி இல்லை.

கடைசியில் எதிர்வீட்டுப் பாட்டிதான் கொடுத்தார். அவர் கணவர் கட்டிய எட்டு முழ வேட்டிகள் இரண்டு. அவர் இறந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மயில்கண் கரையில் பச்சை வெளிறிப்போயிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் ஊடை நூல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. நான் துணி கிழித்தே வாழ்ந்தவன். புதுக் காடாத் துணியைக் கிழித்தால் தெருமுனை வரை கேட்கும். அந்த வேட்டியைக் கிழித்தபோது சத்தமே வரவில்லை. அவ்வளவு மெத்து. பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளைக்குத்தானே, கிழிப்பா" என்றார்.

மருத்துவமனையிலிருந்து மகள் வீடு வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் உட்கார்ந்து எண்ணினோம். சேலை 71. அதில் போன தீபாவளியிலிருந்து கட்டியது என்று அவளே பிரித்து வைத்தது 16. மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுப்போன சுடிதார் 26. மகனுடைய சட்டையும் டிசர்ட்டுமாக 38. என் சட்டை 14, அதில் மாற்றி மாற்றிப் போடுவது ஐந்து. தைக்காத ரவிக்கைத் துணி மட்டும் 43. மனைவி ஒவ்வொரு சேலையாக எடுத்து, இது இன்னார் கிரகப்பிரவேசத்துக்குக் கொடுத்தது, இது இன்னார் வளைகாப்புக்கு என்று சரியாகச் சொன்னாள். எப்போது கட்டினாய் என்று கேட்டால் பல சேலைகளுக்குப் பதில் இல்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. கடைக்கு வரும் பைகளைப் பார்த்துச் சொல்கிறேன். விலைச்சீட்டு பிய்க்காத சுடிதாரை இடுப்பில் பிடித்துத் தரச் சொல்லிக் கொண்டுவருகிறார்கள். எப்போது எடுத்தது என்றால் போன வருடம் என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் படம் பார்த்துச் சேலை வாங்குகிறார்கள். கைக்கு வந்ததும் நிறம் வேறாக இருக்கிறது, திருப்பி அனுப்ப அலுத்துக்கொண்டு பீரோவில் வைத்துவிடுகிறார்கள். கல்யாணம் என்றால் இப்போது பெண்வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே நிறத்தில் சேலை. ஒரே வாரத்தில் பதினெட்டு ரவிக்கை தைத்துக் கொடுத்திருக்கிறேன். எனக்கு வருமானம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சேலையை மறுபடி கட்டினால் 'இது அந்தக் கல்யாணத்தில் கட்டியதாயிற்றே' என்று கேட்பார்கள் என்பதற்காகவே யாரும் கட்டுவதில்லை. அப்புறம் அந்தப் பதினெட்டும் என்ன ஆவது?

வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கும் ரவிக்கைத் துணியைப் பற்றி ஒரு தையல்காரனாகச் சொல்லியே ஆக வேண்டும். பெரும்பாலும் அது 80 சென்டிமீட்டர்தான் இருக்கும். கொஞ்சம் உடம்பு உள்ளவர்களுக்கு முழங்கை வரை கை வைக்க ஒரு மீட்டராவது வேண்டும். தைக்க முடியாது என்று தெரிந்ததும் அது அடுத்த நவராத்திரிக்கு வேறு வீட்டுக்குப் போகிறது. அங்கிருந்து இன்னொரு வீடு. நான் ஒரு வருடம் பார்த்த துணியை மறுவருடம் வேறு அம்மா கையில் பார்த்திருக்கிறேன், அதே மடிப்புக் கலையாமல். கொடுப்பதென்றால் ஒரு மீட்டர் நல்ல பருத்தித் துணியாகக் கொடுங்கள். இல்லையென்றால் வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் போதும், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. என் அம்மாவுக்கு இரண்டு சேலை. ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். மழைக்காலத்தில் காயாத சேலையையே கட்டிக்கொண்டு நடவுக்குப் போவார். அந்த நிலை யாருக்கும் வரக் கூடாது. எனக்குத் தீபாவளிக்கு ஒரு சட்டை, ஒரு கால்சட்டை. அண்ணன் தம்பி மூவருக்கும் ஒரே துணியில் வெட்டியது. அதுவும் குறுவை அறுத்தால்தான். புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுத்த கூலியும் நெல்லும்தான் இந்தப் பக்கத்துக்குத் தீபாவளிப் பணம். கடை வைத்த பிறகும் அதே கதைதான். 2012 முதல் 2019 வரை குறுவைக்கு ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்காமல் தள்ளித் தள்ளிப் போன எட்டு வருடங்களில் என் கடையில் தீபாவளி எப்படி இருந்தது என்று என் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தால் தெரியும். 2020-ல் சொன்ன தேதிக்குத் தண்ணீர் வந்தபோது கொரோனா. ஆகவே கையில் காசு வந்ததும் பிள்ளைகளுக்கு நாலு துணி கூட எடுப்பவர்களை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். ஆசையாக வாங்கட்டும். நான் கேட்பதெல்லாம், வாங்கும் துணி பழசானால் என்ன ஆகும் என்று கடையிலேயே ஒரு முறை யோசித்துவிட்டு வாங்குங்கள் என்பதுதான்.

முன்பு துணிக்கு ஒரு முழு வாழ்க்கை இருந்தது. சேலை நைந்தால் தூளி. தூளி கிழிந்தால் இரண்டாக மடித்துப் பிள்ளைக்கு விரிப்பு. அப்புறம் அடுப்படியில் கரித்துணி. கடைசியில் விளக்குத் திரி. அந்த வழியில் போக பருத்தியால்தான் முடியும். பாலியஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து வருவது. அது தண்ணீரை உறிஞ்சாது, கரித்துணிக்குக்கூட ஆகாது. திரியாகப் போட்டால் உருகும். நாற்றங்காலைச் சுற்றிப் பன்றிக்கும் மயிலுக்கும் வேலியாகக் கட்டுகிறார்கள், அது ஒன்றுக்குத்தான் உதவுகிறது. மற்றதெல்லாம் ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் போகிறது. தண்ணீர் வருவதற்கு முன் தூர் வாரும்போது போய்ப் பாருங்கள். மதகுக்கு அடியிலிருந்து பொக்லைன் இழுக்கும் சேற்றோடு சேலை சேலையாக வருகிறது, நிறம்கூட மாறாமல். பரிகாரம் என்று படித்துறையில் முழுகிவிட்டுக் கட்டிய துணியை ஆற்றில் விட்டுப் போகிறவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். காவிரி அதை எங்கே கொண்டுபோகும்? கடைமடை வயலுக்குத்தான்.

பருத்திக்கும் தண்ணீர்தான் விலை. ஒரு கிலோ பருத்தித் துணி உருவாக உலக சராசரியாகப் பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று மகன் படித்துக் காட்டினான். ஒரு சட்டை கால் கிலோ என்றால் 2,500 லிட்டர். மேட்டூர் மட்டத்தைத் தினமும் உங்கள் நாளிதழில் பார்த்துக்கொண்டிருக்கிற நாம் அந்தச் சட்டையை நாலு தடவை போட்டுவிட்டு மூலையில் எறியலாமா?

ரெடிமேட் பற்றி ஒன்று. நான் ஒரு சட்டைக்கு 350 ரூபாய் கூலி வாங்குகிறேன். தள்ளுபடியில் சட்டையே 299 என்றால் யார் துணி எடுத்துத் தைப்பார்கள்? அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சட்டையைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். தையலை ஒட்டியே ஓவர்லாக் ஓட்டி, மிச்சத் துணியை வெட்டிவிட்டிருப்பார்கள். பிடிக்கலாம், தளர்த்த முடியாது. நாங்கள் ரவிக்கை தைத்தால் பக்கத்துக்கு ஓர் அங்குலம் உள்ளே விட்டு, மூன்று தையல் போட்டுக் கொடுப்போம். உடம்பு போட்டால் வீட்டிலேயே பிளேடால் ஒரு தையலைப் பிரித்துக்கொள்ளலாம். வளரும் பிள்ளையின் பாவாடைக்கு உள்ளே இரண்டு மடிப்பு வைப்போம், மூன்று தீபாவளி தாங்கும்.

சட்டையில் முதலில் போவது காலர். கழுத்து உராய்கிற மடிப்பில் நைந்து, உள்ளிருக்கும் கான்வாஸ் வெளியே தெரியும். உடம்புத் துணி அப்படியே இருக்கும். பட்டியிலிருந்து காலரை மட்டும் கவனமாகப் பிரித்தெடுத்து, திருப்பிப் போட்டு அதே இடத்தில் தைத்தால் நைந்த பக்கம் அடியில் போய்விடும். சட்டை இன்னும் இரண்டு வருடம் உழைக்கும். அரை மணி வேலை, நாற்பது ரூபாய். நான் தொழில் பழகிய காலத்தில் வாத்தியார்கள், தபால்காரர்கள், பாங்க் குமாஸ்தாக்கள் எல்லோரும் காலர் திருப்பிய சட்டைதான் போட்டார்கள். போன வருடம் முழுவதும் என்னிடம் காலர் திருப்ப வந்தது மூன்றே சட்டை. என்னிடம் வேலை பழகும் பையனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கச் சட்டை கிடைக்காமல் என் சட்டையைத்தான் பிரித்தேன்.

வேண்டாத துணியை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடலாமே என்பார்கள். கொடுக்கும் விதத்தையும் பார்த்தவன் நான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. நாலைந்து நாள் கழித்து நானும் இரண்டு தையல்காரர்களும் ஒரு குட்டியானை வண்டியில் கால் மிஷினை ஏற்றிக்கொண்டு தலைஞாயிறு பக்கம் போனோம். கரண்ட் இல்லை, கால் மிஷினுக்கு அது தேவையும் இல்லை. அங்கே ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஆள் உயரத்துக்குத் துணி குவிந்திருந்தது. எங்கெங்கிருந்தோ லாரியில் வந்தவை. ஜிப் போன ஜீன்ஸ், கறை போகாத சட்டை, ஜிகினா வைத்த கவுன், அக்குள் கிழிந்த ரவிக்கை. பாதி துவைக்காதவை. கூரை பறிகொடுத்துவிட்டு நின்ற பெண்கள் அந்தக் குவியல் பக்கமே போகவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது நைட்டி, உள்பாவாடை, உள்ளாடை, பிள்ளைகளுக்கு ஜட்டி, போர்த்திக்கொள்ளப் போர்வை. குவியலிலிருந்து நல்ல பருத்திச் சேலைகளாகப் பொறுக்கி இரண்டு நாள் முழுக்க உள்பாவாடை தைத்தோம். ஓர் அம்மா, "வேண்டாததைத்தான் தம்பி அனுப்பியிருக்காங்க" என்று சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. கொடுப்பதென்றால் துவைத்து, பட்டன் வைத்து, நீங்களே உடுத்திக்கொள்ளும் நிலையில் கொடுங்கள்.

நல்ல துணியைக் குறைவாக வாங்கிப் பல வருடம் காப்பாற்றும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் திருபுவனம். அந்த ஊர்ப் பட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1988-ல் எங்கள் கல்யாணத்துக்கு அங்கே எடுத்த சேலை இன்னும் என் மனைவியிடம் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை நிழலில் உலர்த்தி, ஜரிகை ஒரே இடத்தில் ஒடியாமல் மடிப்பை மாற்றி, பருத்தித் துணியில் சுற்றி வைக்கிறாள். அந்த 71 சேலைகளில் அவள் எந்த யோசனையும் இல்லாமல் முதலில் தனியே எடுத்து வைத்தது அதைத்தான். நாலு சிந்தெடிக் சேலையின் காசில் ஒரு கைத்தறிப் பருத்திச் சேலை எடுத்தால் தறிக்காரர் வீட்டிலும் அடுப்பு எரியும்.

ஆசிரியர் அவர்களே, விளம்பரம் போட வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. பத்திரிகை நடக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் கால் பக்கம் கொடுங்கள். காலர் திருப்புவது, ஹெம்மிங் போடுவது, பட்டுச் சேலையைப் பாதுகாப்பது என்று எழுதினால் படிப்பார்கள். படம் போட்டு விளக்க ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன், பணம் வேண்டாம். பேரூராட்சிகளும் மாதத்தில் ஒரு நாள் பழைய துணியைத் தனியாக வாங்கினால், பருத்தியை வேறாகப் பிரித்துத் தர எங்களைப் போன்ற தையல்காரர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறோம்.

எங்கள் வீட்டில் இந்த ஆடிக்குச் சேலை எடுக்கவில்லை. கோ-ஆப்டெக்ஸில் முழுப் பருத்தியில் எட்டு முழ வேட்டி நாலு வாங்கினேன். தினம் ஒன்றாகக் கட்டி, கஞ்சி போடாமல் துவைத்து வருகிறேன். மகன் வீட்டில் மார்கழியில் பிரசவம். அதற்குள் நன்றாக நைந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு தையல் தொழிலாளி,
ஆடுதுறை.