ஓரத்தை வெட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பின் பழைய படங்கள் பக்கத்தில், ஏற்காடு எஸ்டேட் பங்களா ஆல்பம் ஒன்றில் இருந்ததாக ஓர் அமெரிக்க ஸ்டாக் கார் (கடையில் விற்கும் மாடல்களை வைத்து ஓட்டும்) பந்தயப் படம் வந்திருந்தது. எண் எழுதிய கார்கள் இரண்டிரண்டாக வேகமெடுக்கின்றன. அதுவரை முன்னால் போய்க்கொண்டிருந்த, மேல்கூரை மடக்கிய வெளிர்நிறக் கார் பிட் பக்கம் ஒதுங்குகிறது. கீழே ‘1957 செவர்லே இம்பாலா, டேட்டோனா கடற்கரைப் பந்தயத்தின் பேஸ் கார்’ என்று போட்டிருந்தீர்கள். படத்தின் பின்புறம் யாரோ பேனாவால் எழுதியிருந்ததை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள் போலும். பேஸ் கார், அதாவது பந்தயம் தொடங்கும்வரை மற்ற கார்களுக்கு முன்னால் போய் வழிநடத்தும் கார், என்பது சரி. ஆண்டும் இடமும் தவறு. இம்பாலா என்ற பெயரே 1958 மாடலில்தான் வந்தது.

காரின் பின்பக்கம் தெரிவதால் வேலை சுலபம். பின்மூடியின் இருபுறமும் வால் (மீன் துடுப்பு போன்ற தகடு) நிமிர்ந்து நிற்காமல் படுக்கையாக விரிந்திருக்கிறது. அதன் அடியில் பக்கத்துக்கு மூன்று சிறிய வட்ட விளக்குகள். 1957 செவர்லே என்றால் வால் செங்குத்தாக நிற்கும், அதன் கீழே பக்கத்துக்கு ஒரே சிவப்பு விளக்குதான். 1958 இம்பாலாவிலும் மூன்று விளக்கு உண்டு, ஆனால் வால் கிடையாது; பக்கவாட்டுத் தகடு உள்வாங்கிய குழிவுக்குள் அவை உட்கார்ந்திருக்கும். 1959-ல் வால் விரிந்தது, விளக்கு மட்டும் கண்ணீர்த்துளி வடிவில் பக்கத்துக்கு ஒன்று. 1961-ல் மூன்று விளக்கு இருக்கிறது, விரிந்த வால் போய்விட்டது. இரண்டும் சேர்ந்து வருவது 1960 இம்பாலாவில் மட்டுமே. அதே ஆண்டின் செவர்லே பெல் ஏர், பிஸ்கேன் வகைகளில் பக்கத்துக்கு இரண்டு விளக்குதான். பின் மட்கார்டில் ஜெட் விமானம் போன்ற சின்னமும் அதன் பின்னால் ஓடும் இரட்டைக் கோடும் லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரிகின்றன. அதற்குமேல் சந்தேகத்துக்கு இடமில்லை.

கார் 1960 மாடல் என்றால் படம் 1960-ல்தான் எடுத்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அமெரிக்காவில் அடுத்த ஆண்டின் மாடல் முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே விற்பனைக்கு வந்துவிடும். ஆகவே இந்தப் படம் 1959 இலையுதிர் காலத்துக்கு முன்னால் எடுத்ததாக இருக்க முடியாது. கார் சொல்வது அவ்வளவுதான். டேட்டோனாவில் மணலிலும் தார்ச்சாலையிலுமாக நடந்த கடற்கரைப் பந்தயம் 1958-ஓடு முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இரண்டரை மைல் சுற்றுள்ள புதிய தளத்துக்கு மாறிவிட்டார்கள். 1959 பிப்ரவரி 22-ல் நடந்த முதல் டேட்டோனா 500-லும் இந்தக் கார் ஓடியிருக்க வழியில்லை. (அந்தப் பந்தயத்தில் லீ பெட்டிதான் வென்றார் என்று அறிவிக்கவே புகைப்படங்களையும் செய்திப்படச் சுருளையும் அலசி மூன்று நாள் ஆயிற்று. முதலில் ஜானி போசாம்ப் வென்றதாகத்தான் அறிவித்திருந்தார்கள்.)

இத்தகைய படங்கள் இன்னும் சில குடும்பங்களிடம் இருக்கும் என்பதால், எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதுகிறோம்.

படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நெகட்டிவைப் புரட்டிப் போட்டு அச்சிடுவது சாதாரணமாக நடக்கும் தவறு. அமெரிக்கக் காரில் ஸ்டீயரிங் இடப்பக்கம். நமக்கோ வலப்பக்கம் இருப்பதுதான் கண்ணுக்குப் பழக்கம் என்பதால், புரண்ட படம்தான் நம்மவர் பார்வைக்கு இயல்பாகத் தெரியும். அங்குள்ள நீள்வட்டத் தளங்களில் கார்கள் இடப்பக்கமாகவே திரும்பும். எழுத்து எதுவும் படத்தில் விழவில்லை என்றால் ஆட்களின் சட்டைப் பையைப் பாருங்கள், அது இடது மார்பில் இருக்க வேண்டும். இதே சோதனை நம்மூர் ஊர்வலப் படங்களுக்கும் உதவும். சேலை முந்தானை வலது தோளில் விழுந்திருந்தால் படம் புரண்டிருக்கிறது என்று யோசிக்கலாம்.

அடுத்து, அது பேஸ் கார்தானா? திறந்த கார் என்றாலே பேஸ் கார் என்று எழுதிவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு 1956 முதல் 1959 வரை கன்வெர்டிபிள் (கூரை மடக்கும்) கார்களுக்கென்றே தனிப் பந்தய வரிசை நடத்தியது. முதல் மூன்று ஆண்டும் பாப் வெல்போர்ன்தான் சாம்பியன். வரிசை நின்ற பிறகும் டார்லிங்டன் தளத்தில் ரெபல் 300 பந்தயம் 1962 வரை கன்வெர்டிபிள்களுக்கே நடந்தது. அந்தக் காலத்துத் திறந்த கார் பந்தயத்தில் ஓடிய காராகவே இருக்கலாம். அப்படியானால் கதவில் பெரிய எண் இருக்கும், ஓட்டுபவரின் தலைக்குப் பின்னால் இரும்புக் குழாய் வளைவு நிற்கும், முகப்பு விளக்குகள் மூடியிருக்கும். சில கார்களில் கூரையை போல்ட் போட்டு மாட்டிக் கழற்றுவார்கள். ஒரே காரைக் கூரையோடு ஒரு பந்தயத்திலும் கூரையில்லாமல் இன்னொன்றிலும் ஓட்டுவதற்கான ஏற்பாடு அது. கூரை உள்ள படத்தில் முன் கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பில் இணைப்புக் கோடு தெரிந்தால் அந்த வகைதான். பேஸ் காரில் இவை எதுவும் இராது. வீல் கப், வெள்ளை வளையம் போட்ட டயர், முழு இருக்கைகள், கதவில் எழுத்து என்று ஷோரூமிலிருந்து வந்த கோலத்திலேயே இருக்கும். பின்மூடி மேல் அழகிப் போட்டி கிரீடத்தோடு பெண் உட்கார்ந்து கையசைத்தால் அது பந்தயத்துக்கு முந்தைய ஊர்வலமாகவே பெரும்பாலும் இருக்கும்.

கதவிலுள்ள எழுத்தை மட்டும் நம்புவது ஆபத்து. 1969-ல் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தின் பேஸ் கார் போலவே வெள்ளையில் ஆரஞ்சுப் பட்டையோடு 3,675 செவர்லே கமாரோ கன்வெர்டிபிள்களைச் செய்து பொதுமக்களுக்கு விற்றார்கள். பந்தயப் பெயர் ஒட்டிய கார் கடைத்தெருவில் நின்றால் அது பந்தயத்தில் ஓடியதாகிவிடாது. தவிர, இண்டியானாபோலிஸ் 500 ஸ்டாக் கார் பந்தயமே அல்ல. அதன் பேஸ் கார் பட்டியலை வைத்துக்கொண்டு டார்லிங்டன் படத்துக்குப் பெயர் சொன்னால் சரியாக வராது.

ஆண்டைக் கணிக்க, சுலபமாக மாற்ற முடியாத பாகங்களையே பார்க்க வேண்டும். செவர்லே, ஃபோர்டு, கிரைஸ்லர் ஆகியவற்றில் பக்கவாட்டுக்கு வளைந்து வரும் முன் கண்ணாடி 1955 மாடலில் வந்தது. பக்கத்துக்கு இரண்டு ஹெட்லைட் 1957-ல் சில கார்களில் தலைகாட்டி 1958-ல் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. ஸ்டூடிபேக்கர் லார்க் போன்ற விதிவிலக்குகள் உண்டு. மட்கார்டு ஓரத்தில் சிறு பக்கவிளக்கோ பிரதிபலிப்பானோ இருந்தால் 1968 அல்லது அதற்குப் பிறகு, ஏனெனில் அங்கே சட்டம் அப்போதுதான் வந்தது. முதல் கமாரோவின் 1967, 1968 மாடல்களைப் பிரித்தறிய இதுவே போதும். முன்கதவின் முக்கோணச் சிறு கண்ணாடி 1967-ல் இருந்தது, மறு ஆண்டு எடுத்துவிட்டார்கள். வீல் கப், ஏரியல், பின்னால் தொங்கும் ஸ்டெப்னி மூடி ஆகியவற்றை வைத்து ஆண்டு சொல்லக் கூடாது, கடையில் வாங்கி மாட்டியிருப்பார்கள். டயரின் வெள்ளை வளையம் 1962 மாடலில் சட்டென்று ஒல்லியானது என்பது உண்மைதான். ஆனால் பழைய காருக்குப் புது டயர் போட்டிருந்தால் அதுவும் ஏமாற்றும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் சொல்வதை விட்டுவிடுங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக விழும்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கொலுசு வேலைக்குக் கண்ணில் வைத்துக்கொள்ளும் 10 மடங்கு லென்ஸ் போதும். ஸ்கேன் செய்வதானால் உள்ளங்கை அளவுப் படத்தை 1200 டிபிஐ-ல் எடுங்கள். செய்தித்தாளில் அச்சான படத்தைப் பெரிதாக்கிப் பயனில்லை. புள்ளிகள்தான் பெரிதாகும், விளக்கு மூன்றா இரண்டா என்பது தெளியாது.

இங்குதான் தங்களிடம் ஒரு கோரிக்கை. அந்தப் படத்தை இடப்பக்கமும் கீழேயும் வெட்டியிருக்கிறீர்கள். இடப்பக்கம் ஒரு பலகையின் விளிம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. தளத்தின் பெயரோ, வண்டி கொடுத்த விற்பனையாளரின் பெயரோ அதில் இருந்திருக்கும். அந்தக் காலத்து அமெரிக்க பிரிண்டுகளில் வெள்ளை ஓரத்திலேயே மாதத்தையும் ஆண்டையும் சிறிய எழுத்தில் அச்சிடுவது உண்டு. அது படச்சுருளைக் கழுவிய மாதம், எடுத்த நாள் அல்ல. மறுபிரதி போட்டிருந்தால் இன்னும் பின்தள்ளிக் காட்டும். இருந்தாலும் காரின் மாடல் கீழ் எல்லையையும் ஓரத்து எழுத்து மேல் எல்லையையும் கொடுத்துவிட்டால் படம் எடுத்த காலத்தை ஒரு வரம்புக்குள் அடக்கிவிடலாம்.

ஆகவே மூலப் படம் இன்னும் அலுவலகத்தில் இருந்தால் ஓரங்களோடு முழுதாக ஸ்கேன் செய்து, பின்புறத்துப் பேனா எழுத்தையும் தனியாக எடுத்து மறுபடி வெளியிட வேண்டுகிறோம். இனி வரும் படங்களுக்கும் இதையே வழக்கமாக்கினால் நல்லது. படம் அனுப்புகிறவர்கள் ஆல்பத்திலிருந்து பிய்த்து எடுக்க வேண்டாம். பசை ஒட்டிய பிரிண்டை இழுத்தால் பின்பக்கத்து எழுத்து ஆல்பத்தாளோடு போய்விடும். பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய கார் மெக்கானிக்குகள், ஆர்வலர்கள் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம்.