வெர்மான்டின் முதற்கவலை வீடுதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க வாழ்க்கை பற்றித் தமிழ் இதழ்களில் வரும் எழுத்துகள் பெரும்பாலும் நியூ ஜெர்சி, டெக்சாஸ், கலிபோர்னியா என்று நம்மவர் திரளாக வாழும் மாநிலங்களோடு நின்றுவிடுகின்றன. நான் பதினான்கு ஆண்டுகளாக வாழ்வது கனடா எல்லையை ஒட்டிய வெர்மான்ட் என்னும் சிறிய மலை மாநிலத்தில். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்குள்ள மக்கள் 6,43,077 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் நாட்டுப்புறத்தில் வாழ்கிறார்கள். வேறெந்த அமெரிக்க மாநிலத்திலும் இந்தப் பங்கு இவ்வளவு அதிகமில்லை. மிகப் பெரிய நகரமான பர்லிங்டனிலேயே 45 ஆயிரம் பேர்தான். தலைநகரான மான்ட்பீலியரில் எட்டாயிரம் பேர். இங்குள்ளவர்கள் தங்கள் மாநிலத்தின் பெரிய இடர்ப்பாடாக எதைக் கருதுகிறார்கள், அதில் எனக்கு எங்கே கருத்து வேறுபாடு என்பதை எழுத விரும்புகிறேன்.

மக்கள் மனத்தை அறிய இங்கே ஒரு நல்ல வழி உண்டு. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமையை ஒட்டி ஊர்தோறும் 'டவுன் மீட்டிங்' என்னும் ஊர்க்கூட்டம் நடைபெறும். பள்ளிக்கூடத்திலோ ஊர் மண்டபத்திலோ கூடி, சாலைக்கு எவ்வளவு, தீயணைப்பு வண்டிக்கு எவ்வளவு என்று வரவு செலவுத் திட்டத்தைப் பத்தி பத்தியாக விவாதித்து, பல ஊர்களில் இன்றும் கை தூக்கியே வாக்களிக்கிறார்கள். குடியுரிமை பெற்றபின் நான் அதைத் தவறவிட்டதில்லை. எங்கள் கூட்டத்தில் முதலில் எழும் குரல் எப்போதும் வரியைப் பற்றியது. அடுத்து மண்சாலைகள், மாநிலச் சாலைகளில் பாதிக்கு மேல் மண்சாலைகளே என்பதால், பனி உருகும் மார்ச், ஏப்ரலில் வண்டிச் சக்கரம் அச்சுவரை புதைந்துபோகும். மருத்துவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருப்பதைச் சிலர் சொல்வார்கள். போதை மருந்துக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் எழுந்து பேசும்போது மண்டபம் அமைதியாகிவிடும். 2014இல் அப்போதைய ஆளுநர் பீட்டர் ஷம்லின் தம் ஆண்டு உரை முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கினார் என்றால் அதன் ஆழம் புரியும். இளையோர் வெளியேறுவதும் முதியோர் மட்டும் மிஞ்சுவதும் எல்லோர் பேச்சிலும் ஊடாடும்.

வரியைப் பற்றிய கோபம் நியாயமானது. பணக்கார ஊரின் பள்ளிக்கும் ஏழை ஊரின் பள்ளிக்கும் இடையிலிருந்த பெரும் வேறுபாடு மாநில அரசமைப்புக்கு முரணானது என்று 1997இல் வெர்மான்ட் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றுமுதல் கல்விக்கான சொத்து வரி மாநிலம் முழுவதற்குமான பொதுநிதியாகிவிட்டது. உயரிய நோக்கம், நான் அதை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் அப்போது ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த மாணவர் எண்ணிக்கை இப்போது 90 ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. பள்ளிக் கட்டடமும் கொதிகலனும் பேருந்துத் தடமும் அப்படியேதான் இருக்கின்றன. 2024இல் கல்விச் சொத்து வரி சராசரியாக 13.8 விழுக்காடு உயர்ந்தது. அந்த மார்ச் மாதம் மாநிலத்தின் பள்ளி வரவு செலவுத் திட்டங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றை மக்கள் தோற்கடித்தார்கள். அவர்கள் கல்வியை வெறுப்பவர்கள் அல்லர். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு அந்த உயர்வு குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்ச் செலவோடு மோதுகிறது, அவ்வளவே.

எனினும் வரியை நோய் என்று கொள்ள என்னால் முடியவில்லை. நோய் வேறிடத்தில் இருக்கிறது. நான் வேலை செய்யும் மருத்துவமனைக்குச் சில ஆண்டுகளுக்கு முன் வேறு மாநிலத்திலிருந்து இளம் செவிலியர் ஒருவர் வந்து சேர்ந்தார். மூன்று மாதம் வாடகை வீடு தேடினார். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அவர் சம்பளத்துக்கு ஏற்ற வீடு ஒன்றுமில்லை. விடுதி அறையில் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தவர், பனி தொடங்குமுன் விலகிப் போய்விட்டார். அந்த இடத்தை ஒப்பந்தச் செவிலியரைக் கொண்டு நிரப்பினார்கள். அதற்கான செலவு நிரந்தரப் பணியாளரின் செலவைவிட மிக அதிகம். அந்தச் செலவு மருத்துவக் கட்டணத்தில் ஏறுகிறது. கட்டணம் காப்பீட்டுத் தொகையில் ஏறுகிறது. ஆசிரியர்களின் காப்பீட்டுத் தொகை பள்ளிச் செலவில் ஏறுகிறது. பள்ளிச் செலவு சொத்து வரியாகி, ஊர்க்கூட்டத்தில் கோபத்தோடு எழுந்து நிற்பவரின் கையில் வந்து சேர்கிறது. வீடு கிடைக்காத இளம் குடும்பத்தின் குழந்தையோ அந்தப் பள்ளியின் கணக்கில் இல்லாமல் போகிறது. இத்தனைக்கும் முதல் முடிச்சு ஒரு வாடகை வீடு.

2025 முதல் 2029 வரையிலான ஐந்தாண்டுகளில் இங்கே 24,000 முதல் 36,000 வீடுகள் வரை தேவைப்படும் என்பது மாநிலத்தின் கணிப்பு. இவ்வளவு சிறிய மாநிலத்துக்கு அது மலைக்கவைக்கும் எண். ஸ்டோவ், கில்லிங்டன் போன்ற பனிச்சறுக்கு ஊர்களைச் சுற்றிப் பல வீடுகள் ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே விளக்கெரியும் விடுமுறை வீடுகள். என் பக்கத்து வீட்டில் எண்பது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் ஐந்து அறை வீட்டில் தனியாக இருக்கிறார். விறகடுப்பை எரியவிடவே அவருக்குப் பாதி நாள் போய்விடுகிறது. இதே ஊரில் சிறிய குடியிருப்பு ஒன்று கிடைத்தால் நாளையே மாறிவிடுவேன் என்கிறார். அப்படி ஒன்று இங்கே கட்டப்படவே இல்லை. அவர் நகராததால் நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒன்று உள்ளே வரவும் வழியில்லை.

ஏன் கட்டப்படவில்லை? ஒரு காரணம் 1970இல் வந்த 'ஆக்ட் 250' என்னும் நிலப் பயன்பாட்டுச் சட்டம். நெடுஞ்சாலைகள் வந்தவுடன் மலைச்சரிவுகளைக் கூறுபோட்டு விற்கத் தொடங்கிய நிலையில், குடியரசுக் கட்சி ஆளுநர் டீன் டேவிஸ் காலத்தில் அது இயற்றப்பட்டது. இந்த மாநிலத்தின் அழகு இன்றும் குலையாமல் இருப்பதற்கு அந்தச் சட்டத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் காட்டைக் காக்க வந்த அதே விதிகள், ஊர் நடுவே கடைத்தெருவை அடுத்துப் பத்து வீடு கட்ட வந்தவரையும் பல ஆண்டுகள் தடுத்துவந்தன. 2024இல் செய்த திருத்தங்கள் ஊர் மையங்களில் அதைத் தளர்த்தியிருக்கின்றன. காலம் கடந்த நடவடிக்கையானாலும் சரியான நடவடிக்கை.

இன்னொரு காரணம் ஆறு. இங்குள்ள ஊர்கள் ஆற்று விசையால் ஓடிய ஆலைகளைச் சுற்றி எழுந்தவை. கடை, குடிநீர், கழிவுநீர்க் குழாய் எல்லாம் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கின்றன. 1927 நவம்பர் வெள்ளத்தில் துணை ஆளுநர் உட்பட 84 பேர் இறந்தார்கள். 2011 ஆகஸ்ட் 28இல் ஐரீன் புயல். பிறகு 2023 ஜூலை 10, 11. அன்றிரவு மான்ட்பீலியருக்கு மேலேயுள்ள ரைட்ஸ்வில் அணை வழிந்தோடும் மட்டத்தை நெருங்கிவிட்டது என்ற செய்தி வந்தபோது நாங்கள் யாரும் உறங்கவில்லை. சரியாக ஓராண்டு கழித்து, 2024இல் அதே தேதிகளில் மீண்டும் வெள்ளம். 2025 ஜூலை 10 அன்று வடகிழக்குப் பகுதியில் மூன்றாம் முறை.

கிரானைட் கல்லுக்குப் பேர்போன பேரி நகரில் தாழ்வான தெருக்களில் இருந்தவை கூலித் தொழிலாளரின் வாங்கத்தக்க விலையுள்ள பழைய வீடுகள். வெள்ளத்துக்குப்பின் ஒன்றிய அரசின் நிதியில் இத்தகைய வீடுகளை ஊராட்சி வாங்கி இடிக்கலாம்; ஆனால் அந்த மனையில் இனி எக்காலத்திலும் வீடு எழக்கூடாது. அந்த விதி சரியானதே, ஆற்றுக்கு அதன் இடம் வேண்டும். ஆயினும் விற்றவர் மாற்று வீடு தேடி ஊரைவிட்டுப் போகிறார், அவரோடு அந்த வீட்டின் வரியும் போகிறது, எஞ்சியவர் தோளில் சுமை கூடுகிறது. இடிக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் மேட்டுநிலத்தில் ஒரு வீட்டை அதே ஊரில் எழுப்ப வேண்டும் என்பதே என் வாதம். அதற்கு முதல் தேவை கழிவுநீர்க் குழாய். குழாய் இல்லாத இடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித் தொட்டியும் அது வடிய அகன்ற நிலமும் வேண்டும் என்பதால் அடுக்குக் குடியிருப்பு சாத்தியமே இல்லை.

புதிய வீடுகள் பண்ணைக் காட்சியைக் கெடுக்கும் என்று அஞ்சுவோருக்கு ஒன்று சொல்வேன். 1947இல் 11,206 ஆக இருந்த பால்பண்ணைகள் இன்று ஏறக்குறைய ஐந்நூறாகச் சுருங்கிவிட்டன. ஒன்றிய அரசு வகுக்கும் பால்விலையில் சிறு பண்ணைக்குக் கட்டுபடியாவதில்லை. மாடு மேய்ந்து உண்டான புல்வெளி, மாடு போனால் தானே காடாகிவிடும். எஞ்சிய பெரிய பண்ணைகளில் பால் கறப்போர் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்து, பண்ணை தரும் இடத்தில் தங்குபவர்கள். ஊர்க்கூட்டத்தில் அவர்களுக்குக் குரலே இல்லை என்பது என்னை வருத்துகிறது.

எங்கள் ஊரில் மேட்டுப் பகுதிக்குக் கழிவுநீர்க் குழாயை நீட்டக் கடன் பெறும் தீர்மானம் வரும் மார்ச்சில் மீண்டும் வாக்குக்கு வருகிறது. சென்ற முறை அது சில வாக்குகளில் தோற்றது. வரி ஏறும் என்று அஞ்சி எதிர்த்து வாக்களித்ததாக அந்த அம்மையாரே என்னிடம் சொன்னார். சென்ற வாரம் அவர் வீட்டு அடுப்பருகே அமர்ந்து, குழாய்க்காக அவர் ஆண்டுதோறும் கூடுதலாகக் கட்ட வேண்டியதையும், பெரிய வீட்டின் வரிக்கும் விறகுக்கும் இப்போது செலவிடுவதையும் ஒரே தாளில் இருவருமாக எழுதிப் பார்த்தோம். எப்படி வாக்களிப்பார் என்று நான் கேட்கவில்லை. அந்தத் தாளை மட்டும் அவர் மடித்துத் தம்மிடம் வைத்துக்கொண்டார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மத்திய வெர்மான்ட், அமெரிக்கா